பாய் வீட்டுக்கு எவ்ளோ சொல்றது?

…நீங்களே நியாயத்தச் சொல்லுங்க மேடம். நான் இருபத்தஞ்சரைன்றேன், அவன் இருபத்தாறுன்றான். நான் சரி, போனா போவட்டும்னு இருபத்தாறரைன்றேன், அவன் பொட்டுனு இருபத்தேழுன்றான். லட்சங்க! தக்காளி வெல ஏத்துற மாதிரி லட்சம் லட்சமா ஏத்துறான் பாவி. வீட்டுக்கு வெல பேசுறதா, கோயில் ஏலமா இது? அவன் மூஞ்சி தெரியாது, பேரு தெரியாது… அய்ய, நீங்க சொல்லாதீங்க! வாயத் தொறக்கவே தொறக்காதீங்க. பேசுனா நெத்தி ஆடும், நெத்தி ஆடுனா புருவம் கோணிக்கும். அப்புறம் ஊருக்குப் போற வரைக்கும் ஒரு பக்கம் மட்டும் யாரையோ மொறைக்கிற மாதிரியே இருக்கும். ரெண்டு கையாலயும் தோல நல்லா இழுத்துப் புடிங்க. மேல ஒரு கை, கீழ ஒரு கை. ஆங், அப்டித்தான். கண்ண மூடிக்குங்க. காது தொறந்திருந்தா போதும்.

நீங்க ஊருக்குப் புதுசு இல்ல? லாட்ஜுல தங்கி இருக்கறேன்னு சொன்னீங்களே, கிரிவலத்துக்குத் தானே வந்தீங்க? சரி சரி, தலைய ஆட்டாதீங்க, நூலு மாட்டிக்கும். மத்த பார்லர்ல எல்லாம் நூலப் பல்லுல கடிச்சிக்கினு பண்ணுவாங்க, பாத்திருப்பீங்க. எனக்கு அது ஆவறதில்ல. கையும் வேல செய்யணும், வாயும் சும்மா கெடக்கணும்னா நான் எப்டி மேடம் உசுரோட இருக்கறது? அதான் நூலக் கழுத்துல மாட்டிக்கினேன். எனக்குக் கத்துக்குடுத்த மேடமே சொல்லிட்டாங்க, தனம், ஒனக்கு இதான் செட் ஆவும்னு.

எங்க வுட்டேன்? ஆங், வீடு. ரியாசுதீன் பாய்னு ஒருத்தரு. தேரடித் தெருவுல பாத்திரக் கட வச்சிருந்தாரு. தங்கமான மனுஷன். பையன் வேலூருக்கே வந்துடுங்கன்னு கூப்புட்டுக்கினே இருக்கான், அதனால வீட்டக் குடுத்துடலாம்னு இருக்காரு. அவரு மருமவ ஊருக்கு வர்றப்பல்லாம் இங்க தான் பேஷியலுக்கு வரும், அந்தப் பொண்ணு தான் எனக்குச் சொல்லுச்சு. அன்னிக்கே போய்ப் பாத்துட்டேன். ரெண்டு ரூமு, ஒரு ஹாலு, தண்ணி நல்ல தண்ணி. மாடிப்படி ஏறுனேன் பாருங்க… மலை! முழுசா மலை! நடுவுல ஒரு லாட்ஜு கெடையாது, ஒரு செல் டவர் கெடையாது. நான் அப்டியே நின்னுட்டேன் மேடம்.

ஏன்னு கேளுங்க. இல்ல, கேக்காதீங்க, நானே சொல்றேன். கல்யாணம் ஆனதுல இருந்து வாடக வீடு தான். இப்ப இருக்கற வீட்டு ஓனரு இருக்காரே, கார்த்திகை தீபம் வந்தா போதும், எங்கள முன் ரூம்ல சுருட்டி வச்சிட்டு, உள் ரூம வர்ற பக்தருங்களுக்கு நாள் வாடகைக்கு வுட்டுடுவாரு! நாங்க வாடக குடுக்கற ரூமு மேடம் அது! கேட்டா, புண்ணியம்மா, சாமி கும்புட வர்றவங்கன்றாரு. புண்ணியம் எங்களுக்கு, துட்டு அவருக்கு. போன தீபத்தன்னிக்கு மாடிக்குப் போயி தீபம் பாக்கலாம்னு ஏறுனா, எம்மா, மாடி ஃபுல்லு, டிக்கெட் வாங்கினவங்க நிக்கறாங்கன்னு எறக்கி வுட்டாரு. தெருவுக்கு வந்து, எவன் தல மேலயோ எட்டிப் பாத்தேன். அன்னிக்கு அழுதுட்டேன் மேடம், பொய் சொல்லல. இந்த ஊர்லயே பொறந்து வளந்தவ, என்னைய எறங்கச் சொல்றான். அதனால பாய் வீட்டு மாடியில நின்னப்போ, இங்க இருந்து என்னைய எவனும் எறங்கச் சொல்ல முடியாதுன்னு மனசு குதிச்சிச்சு.

எரியுதா? கொஞ்சம் பவுடர் போடறேன். உங்களுக்கு முடி கெட்டி. பொறுமையாத் தான் எடுக்கணும்.

பாய் கேட்டது இருபத்தெட்டு. எடுத்த உடனே சரின்னு சொல்லிடுவோமா? ஒரு மனுஷன் இருபத்தெட்டு கேட்டான்னா மனசுல இருபத்தஞ்சு வச்சிருப்பான். இருபத்தஞ்சு வச்சிருக்கறவன்கிட்ட இருபத்திநாலு சொன்னா மூஞ்சி சுளிப்பான். ஆனா அதுக்கு முன்னாடி எவனாவது வந்து பதினெட்டு கேட்டிருந்தான்னா? அப்போ இருபத்திநாலு சொல்றவ மகாலட்சுமி மாதிரி தெரிவா! எப்டி என் மூள? புடவக் கடையில பாத்திருப்பீங்களே, ரெண்டு அழுக்குப் புடவையக் காட்டிட்டு மூணாவதா ஒண்ணு காட்டுவான், அது பட்டு மாதிரி தெரியும். அதே கணக்கு தான்.

அதனால மொதல்ல எங்க தம்பி இனியன அனுப்புனேன். டேய், யாருன்னு சொல்லாத, பதினெட்டு கேளு, அதுக்கு மேல ஒரு பைசா பேசாதன்னு சொல்லி. அவன் கூலிங் கிளாஸ் எல்லாம் போட்டுக்கினு போனான். பாய் அவனக் குந்த வச்சி, டீ குடுத்து, சமோசா குடுத்து, தம்பி எந்த ஊரு, கல்யாணம் ஆச்சான்னு விசாரிச்சி அனுப்பி வச்சிருக்காரு. இவன் வந்து, அக்கா, அந்த மனுஷன ஏமாத்தாதக்கா, கேட்டதக் குடுத்துடுன்றான்! ஒரு சமோசாவுக்கு அக்காவ வித்துட்டான் மேடம்.

சரி, ஆம்பளைங்கள நம்புனது தப்புன்னு, எதுர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கே எழிலரசி, அத அனுப்புனேன். ஏ, நீ போயி இருபது கேளு, அது மட்டும் இல்ல, நொட்ட சொல்லணும்னு சொல்லிக் குடுத்தேன். சமையக்கட்டு சின்னது, செவுத்துல ஓதம், வாசப்படி தாழ்வு, எல்லாம் மனப்பாடம் பண்ண வச்சி அனுப்புனேன். அது அங்க போயி, சமையக்கட்டப் பாத்துட்டு, அய்யோ எங்கம்மா வீடு மாதிரியே இருக்குது பாய்னு கண்ணு கலங்கி நின்னிருக்குது! நொட்ட சொல்லப் போனவ ரெண்டு போட்டோ எடுத்துக்கினு வந்துட்டா.

அப்புறம் தான் நான் போறேன், மகாலட்சுமி மாதிரி. பூ வச்சிக்கினு, இருபத்திநாலுன்றேன். பாய் தாடியத் தடவிக்கினே சொல்றாரு, இல்லம்மா, வீட்டுக்கு கிராக்கி ஜாஸ்தியா இருக்குது, இந்த வாரத்துல மட்டும் எத்தினி பேரு வந்து பாத்துட்டாங்க, கண்ணு கலங்குற அளவுக்கு ஆசப்படறாங்க, நான் ஏம்மா கம்மி பண்ணணும்னு. சிரிக்காதீங்க மேடம்! தோலு நழுவுது. கெட்டியாப் புடிங்க.

அதோட வுட்டுச்சா? இந்த நேரம் பாத்து தான் அந்தப் பாவி உள்ள பூந்தான். ஒரு பார்ட்டி இருபத்தஞ்சு சொல்றாங்கம்மான்னு பாய் போன் பண்றாரு. யாரு பாய்னு கேட்டா சொல்ல மாட்டாரு. ஒருத்தரு வந்தத இன்னொருத்தருக்குச் சொல்றது தப்பும்மா, உன் பேரையும் நான் அவங்ககிட்ட சொல்லலன்றாரு. அங்க ஆரம்பிச்சது தான், நான் மொதல்ல சொன்னேனே, அந்தப் போட்டி. இருபத்தெட்டத் தாண்டிடுச்சு. பாய்க்கே பயம் வந்துடுச்சு. எம்மா, நான் கேட்டதே இருபத்தெட்டு தான், நீங்க ரெண்டு பேரும் ஏம்மா இப்டி அடிச்சிக்கிறீங்கன்னு கேட்டாரு. நான் வுடுவேனா? மலை என்னுது! இருபத்தொன்பதுன்னேன். அவன் ஒன்பதரைன்னான். நான் முப்பதுன்னேன். அவன் முப்பதரை.

எங்க வீட்டுக்காரருகிட்ட இத ஒரு வார்த்த சொல்லல. சொன்னா அவ்ளோ தான். எங்க வீட்டுக்காரரு திருமலைனு, எலெக்ட்ரீஷியன். வேலையில சுத்தம், ஆனா வெல பேசத் தெரியாது. கீரக்காரம்மா பத்து ரூவான்னா, பாவம்மா நீங்கன்னு இருவது குடுத்துட்டு வர்ற ஆளு. அவரக் கூட்டிக்கினு போனா பாய் கேக்குறதுக்கு மேல ரெண்டு லட்சம் போட்டுக் குடுத்துட்டு வருவாரு. அதோட எங்க வீட்ல ஒரு பழக்கம் இருக்குது. எடம், வீடு, பொண்ணு பாக்கறது, எதுவா இருந்தாலும் அட்வான்ஸ் கைமாறுற வரைக்கும் மூச்சு வுடக் கூடாது. கண்ணு பட்டுடும். கீழ்பென்னாத்தூர்ல ஒரு மனைய அப்டித் தான் வுட்டோம், நான் ரெண்டே பேருகிட்ட சொன்னேன், மூணாம் நாளு வேற ஒருத்தன் வேலி போட்டுட்டான். அதுல இருந்து சாமி மேல சத்தியம், வாயே தொறக்கறதில்ல.

அந்த நேரம் பவுர்ணமி வந்துச்சா, ரெண்டு பேரும் கிரிவலம் போனோம். அவரு பாட்டுக்கு பேசாம நடக்கறாரு, நான் பாட்டுக்கு மனசுக்குள்ள வேண்டிக்கினு நடக்கறேன். அண்ணாமலையாரே, நான் யாருக்கும் கெடுதல் நெனைக்கல, அந்த எதிர் பார்ட்டிக்கு ஒண்ணும் பெருசா ஆவ வேணாம், சும்மா காலு சுளுக்கிக்கிட்டா போதும், நாலு நாளு வெளிய வராம கெடக்கட்டும்னு. அடி அண்ணாமலை கோயிலு கிட்ட வரக்குள்ள, பக்கத்துல அய்யோன்னு சத்தம். திரும்பிப் பாத்தா எங்க வீட்டுக்காரரு கால மடக்கிக்கினு குந்தி இருக்காரு! நான் கொஞ்சமாவது யோசிச்சிருக்கணுமா இல்லியா? இல்லியே! சாமி, நான் சொன்னது இவரு இல்ல, வேற ஆளுன்னு மலையப் பாத்துச் சொல்றேன்.

மறுநாளு நாஷ்டா முடிச்சிட்டு அவரு காலத் தூக்கி என் மடியில வச்சி, நல்லெண்ண போட்டு நீவி வுடறேன். நீவிக்கினே அந்தப் பார்ட்டிய மனசுக்குள்ள திட்டிக்கினு இருக்கறேன். நாசமாப் போறவன், வெளங்காதவன்… அவரு பாத்ரூமுக்கு நொண்டிக்கினு போனாரு. அவரு போன் அடிக்குது. விமல்ராஜ்னு பேரு காட்டுது. புரோக்கரு, எனக்கும் தெரிஞ்சவன் தான். ஏதோ வொயரிங் வேலயா இருக்கும்னு எடுத்துக் காதுல வச்சேன். ஹலோன்னு கூட சொல்லல நானு. அவன் படபடன்னு சொல்றான், அண்ணே, பாய் வீட்டுக்கு அந்தப் பொம்பள முப்பத்தொண்ணுன்னுட்டாளாம்ணே, பேய் மாதிரி ஏத்திக்கினே இருக்கறாண்ணே, நாம ஒரே அடியா முப்பத்திரெண்டு சொல்லிடலாமா?

எப்டி இருந்திருக்கும் எனக்கு? நான் தான் அந்தப் பொம்பள! நான் தான் பேயி! என் கையில இன்னும் அந்தாளு காலுக்குப் போட்ட எண்ண வழியுது!

ஏன்யா இப்டிப் பண்ணன்னு கேட்டா, தலையக் குனிஞ்சிக்கினு நிக்கறாரு. பாய் வீட்ல ஃபேன் மாட்டப் போனாராம், மாடிக்குப் போனாராம், மலையப் பாத்தாராம். தீபத்தன்னிக்கு நீ தெருவுல நின்னு எட்டிப் பாத்தியே, அது எனக்கு மறக்கல தனம், சாவிய ஒன் கையில குடுத்துட்டு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்றாரு. நான் பொலபொலன்னு அழுதுட்டேன் மேடம். இவ்ளோ வருஷத்துல ஒரு முழம் பூ கூட அவராத் தோணி வாங்கி வந்ததில்ல. சரி, துட்டுக்கு எங்கய்யா போவலாம்னு இருந்தன்னு கேட்டேன். சீட்டு இருக்குது, உன் வளையல் இருக்குது, மிச்சம் பேங்க் லோனுன்றாரு. நான் போட்ட கணக்கும் அதே சீட்டு, அதே வளையலு! என் வளையல வச்சிக்கினு என்கிட்டயே போட்டி போட்டிருக்காரு! அழுகைய நிறுத்திட்டு, என்கிட்ட ஏன் சொல்லலன்னேன். அதுக்கு இன்னா சொன்னாரு தெரியுமா? ஒன்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடுமேன்னாரு. பாத்தீங்களா? நானா? நானா மேடம் வாய் தொறக்கற ஆளு?

தோ, இந்தப் பக்கம் முடிஞ்சிடுச்சு. கண்ணாடியப் பாருங்க. வில்லு மாதிரி இருக்குதா? அப்டியே சாஞ்சிக்குங்க, அடுத்தது பண்ணிடலாம்.

அதோட முடிஞ்சிருந்தா பரவால்லியே. அன்னிக்கே விமல்ராஜ வுட்டு, எங்க பார்ட்டி வெலகிக்கிச்சு பாய்னு சொல்ல வச்சிட்டோம். பாய் எனக்குப் போன் பண்ணி, எம்மா, அவங்க போயிட்டாங்க, அந்த முப்பத்தொண்ணு எல்லாம் எனக்கு வேணாம், அது ஹராம் மாதிரி உறுத்துது, நான் கேட்ட இருபத்தெட்டக் குடுத்துட்டு சாவிய வாங்கிக்கம்மான்னாரு. கேட்டீங்களா? இந்தக் காலத்துல இப்டி ஒரு மனுஷன் இருப்பானா? எங்க வீட்டுக்காரரு சட்டையப் போட்டுக்கினு கெளம்பிட்டாரு, வா தனம், இப்பவே அட்வான்ஸ் குடுத்துடலாம்னு.

நான் தான் உக்காருய்யான்னேன். யோசன பண்ணிப் பாருங்க மேடம். இப்போ எதிர் பார்ட்டி கெடையாது. எதிர் பார்ட்டி என் வூட்ல குந்தி கால நீட்டிக்கினு இருக்குது. பாய்க்கு வேலூரு போவ அவசரம். ஒரு வாரம் நாம பேசாம இருந்தா, அவரே போன் பண்ணி இருபத்தாறுன்னுவாரா மாட்டாரா? அதனால பாய்கிட்ட, யோசிச்சிச் சொல்றேன் பாய்னுட்டேன். ஊறட்டும்னு போட்டு வச்சிருக்கேன். அவரும் ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டாரு. நான் எடுக்கல. எடுத்தா ஆசன்னு தெரிஞ்சிடும்.

இதுக்குத் தான் எங்க வீட்டுக்காரரு என்கூடப் பேசறதில்ல. அந்த மனுஷன் எறங்கி வந்தப்புறமும் நோண்டறியே, நீயெல்லாம் மனுஷியான்னு கேட்டுட்டு மூஞ்சத் திருப்பிக்கினாரு. சோறு போட்டா சாப்புடறாரு, தட்டக் கழுவி வைக்கறாரு, வார்த்த மட்டும் இல்ல. போவட்டும். இது திருவூடல் தெரு மேடம். வருஷா வருஷம் பொங்கலுக்கு அண்ணாமலையாரும் அம்மனும் இந்தத் தெருவுல தான் சண்ட போட்டுக்கறாங்க, அம்மன் கோச்சிக்கினு போயி கதவச் சாத்திக்கறாங்க. சாமிக்கே அப்டின்னா நமக்கு இன்னா? பாய் இருபத்தாறு சொல்லட்டும், அப்போ என் வாய்க்கு சக்கர போடுவாரு எங்க வீட்டுக்காரரு.

இன்னா, கையத் தூக்கறீங்க? எந்த எடமா? கோயிலுக்கு மேக்கால இருக்குதே பே கோபுரம், அதுக்குப் பின்னாடி மேடம், பால் பூத்து தாண்டி ஒரு சந்து உள்ள போவும், பச்ச கேட்டு. ரியாசுதீன் பாய்னா சின்னப் புள்ள கூட காட்டும். ஏன், அந்தப் பக்கம் தான் லாட்ஜா? சரி, கைய எடுங்க, நூலு அறுந்துடும்.

இருபத்தெட்டு ஃபைனலான்னா… ஃபைனலு தான், அவரு வாய்ல வந்துட்டாலே ஃபைனலு. ரிஜிஸ்தர் செலவு தனி. பத்திரம் எல்லாம் பக்கா கிளியரு, வில்லங்கம் போட்டுப் பாத்துட்டேன், அதுக்கே நானூறு ரூவா ஆச்சு. நீங்க ஏன் எழுந்துக்கறீங்க? இருங்க, இன்னும் ஒரு பக்கம் கெடக்குது. பவுடரு அப்டியே இருக்குது மூஞ்சில. அவசரமா? கிரிவலத்துக்கு சாயங்காலம் போவலாமே…

இன்னாது? கிரிவலத்துக்கு வரலியா? அப்புறம்? வீட்டுக்காரருக்கு இங்க பேங்க்குல மாத்தலா? சரி, நல்லது தானே… ரெண்டு வாரமா லாட்ஜுல இருந்துக்கினு… இன்னா தேடறீங்க?

வீடா?

சொந்தமா வாங்கறதுக்கா?

அத மொதல்லயே சொல்றது தானே மேடம்! சொல்ல வந்தீங்களா? எப்போ சொல்ல… ஆங். நான் தான் வாயத் தொறக்காதீங்கன்னு… அய்யோ. இருங்க மேடம்! மேடம், காசு வேணாம், காச எடுத்துக்குங்க, மத்தப் புருவத்த எடுத்து வுட்டுடறேன், ஃப்ரீயா எடுத்து வுடறேன், பேஷியலும் பண்றேன், குந்துங்க! இப்டியே ஒரு புருவத்தோட எங்க போவீங்க? நாலு பேரு பாத்தா சிரிப்பாங்க மேடம்! ஆட்டோ! யோவ் ஆட்டோ, ஏத்தாதய்யா! பே கோபுரம்னு சொல்றாங்களே… அங்க ரோடு தோண்டிப் போட்டிருக்காங்க மேடம்! போவ முடியாது!

ஆட்டோவுல ஏறிப் பூட்டாங்க.

எங்க போனு? எங்க வச்சேன் போன… எடுங்க, எடுங்க, எடுய்யா, பேச மாட்டேன்னா நாளைக்குப் பேசாத, இன்னிக்கு எடு… ஹலோ! ஏங்க, நான் தான். தனம். வச்சிடாதீங்க! நீங்க எங்க இருக்கீங்க? மத்தலாங்குளமா? அப்டியே வண்டியத் திருப்புங்க, பாய் வீட்டுக்குப் போங்க. ஏன்னு கேக்காதீங்க. ஒரு அம்மா ஆட்டோவுல வந்துக்கினு இருக்குது. அடையாளமா? ஒரு புருவம் வில்லு மாதிரி இருக்கும், இன்னொண்ணு காடு மாதிரி இருக்கும், மூஞ்சில பவுடரு. அவங்க அந்தப் பச்ச கேட்டத் தொறக்கறதுக்குள்ள நீங்க உள்ள போயிடணும். யாரு சொன்னதா? யாரு சொல்லுவா, நான் தான் சொன்னேன், எல்லாத்தையும் நான் தான் சொன்னேன், சாயங்காலமாத் திட்டுங்க, உக்காந்து கேக்கறேன். இப்போ போங்க! அட்வான்ஸா? பாக்கெட்டுல எவ்ளோ இருக்குதோ அதக் குடுங்க, வளையலு கழட்டிக்கினே நான் பின்னாடி வரேன். ஹலோ… இன்னா? எவ்ளோ சொல்றதா? இன்னும் எவ்ளோன்னு கேட்டுக்கினு நிக்கறீங்களே! பாய் வாயில இன்னா வருதோ அதுக்கு சரின்னு சொல்லுங்கய்யா!